வக்கீல் கவுன் தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு கணக்கு: பி.எல். முடித்தவர்களுக்கான வேலை வழிகாட்டி

ஒவ்வொரு வருடமும் கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்த இரண்டு வாரத்துக்குள் எனக்கு ஒரே மாதிரி போன்கள் வர ஆரம்பிக்கும். "அண்ணே, பி.எல். முடிச்சிட்டேன். ஜட்ஜ் எக்ஸாமுக்குப் படிக்கவா, சீனியர்கிட்ட சேரவா, இல்ல கம்பெனிக்குப் போகவா?" நான் திருப்பி ஒரு கேள்விதான் கேட்பேன்: இன்றையிலிருந்து வீட்டில் எத்தனை மாதம் உனக்குச் சோறு போடுவார்கள்? சிலருக்கு லேசாகக் கோபம்கூட வரும். ஆனால் மதுரையில் பதிமூன்று வருடம் கோட்டு போட்ட பிறகு என் பேட்ச்சைத் திரும்பிப் பார்த்தால், யார் எந்த வழியில் போனார்கள் என்பதை மார்க்கை விட வீட்டு நிலைமைதான் அதிகம் தீர்மானித்திருக்கிறது. அதை யாரும் கல்லூரியில் வாய்விட்டுச் சொல்லவில்லை, அதனால் நாங்கள் எல்லோரும் தெரியாமல் குதித்தோம், நீச்சல் தெரிந்தவன் கரையேறினான்.

இது தமிழ்நாட்டில் படித்து இங்கேயே வேலை பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதியது. டெல்லி, மும்பை பெரிய ஃபர்ம்களின் கேம்பஸ் வேலை வேறு உலகம், அது பெரும்பாலும் நேஷனல் லா ஸ்கூல் வாசலோடு முடிந்துவிடும். அரசு சட்டக் கல்லூரியில் படித்துவிட்டு, வீட்டில் முதல் வக்கீலாக வெளியே வருகிறவரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கணக்கு

ஒரு தாளை எடுங்கள். ரூம் வாடகையில் உங்கள் பங்கு, மெஸ், பெட்ரோல் அல்லது பஸ், போன், வெள்ளைச் சட்டை சலவை, வீட்டுக்கு அனுப்ப வேண்டியது, கல்விக் கடன் இருந்தால் அது. என் அனுபவத்தில் மதுரையில் தனியாகத் தங்கும் ஒருவருக்கு மாதம் 10,000 ரூபாய்க்குக் கீழே ஓட்டுவது கஷ்டம், சென்னையில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தாலும் 15,000 ஆகிவிடும். இந்தத் தொகையை வீடோ, சேமிப்போ எத்தனை மாதம் தாங்கும்?

இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கும் என்றால் கோர்ட் பிராக்டிஸ் உங்களுக்குத் திறந்திருக்கிறது. ஒரு வருடம்தான் என்றால் பிராக்டிஸோடு சேர்த்து ஒரு தேர்வைக் குறிவையுங்கள், சொந்த ஊர் கோர்ட்டிலேயே ஆரம்பியுங்கள், வாடகை மிச்சம். ஒரு மாதம்கூடத் தாங்காது, தங்கை கல்யாணம் இருக்கிறது, அப்பா படுத்திருக்கிறார் என்றால் சம்பள வேலைக்குப் போங்கள், அதில் ஒரு அவமானமும் இல்லை. கோர்ட் எங்கேயும் ஓடிப்போகாது. நாலு வருடம் கம்பெனியில் இருந்துவிட்டு வந்து இன்று நன்றாகப் பிராக்டிஸ் பண்ணும் இரண்டு பேர் என் ஆபீஸ் இருக்கும் தெருவிலேயே இருக்கிறார்கள்.

என்ரோல்மெண்டை (வக்கீலாகப் பதிவு செய்வதை) தள்ளிப் போடாதீர்கள்

"முதலில் படித்து எக்ஸாம் பாஸ் பண்ணுவோம், அப்புறம் என்ரோல் பண்ணலாம்" என்று வீட்டில் உட்காரும் பழக்கம் ஒன்று இருந்தது. அது இனி உதவாது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், சிவில் நீதிபதி பதவிக்கு நேரடியாக விண்ணப்பிக்கக் குறைந்தது மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்ற பழைய விதி திரும்ப வந்தது. அந்த மூன்று வருடம் உங்கள் தற்காலிகப் பதிவு (பார் தேர்வு தேறுவதற்கு முன் கிடைப்பது) தேதியிலிருந்து எண்ணப்படும். ஆகவே நீங்கள் என்ரோல் பண்ணாமல் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் பின்னால் ஒரு மாதமாக உங்களைக் கடிக்கும். ஜட்ஜ் ஆசை இல்லாதவருக்கும் இது பொருந்தும், ஏனென்றால் வங்கி லா ஆபீசர், அரசு உதவி வழக்கறிஞர், நோட்டரி என எதை எடுத்தாலும் முதலில் பதிவு எண்ணைத்தான் கேட்பார்கள்.

பதிவு நடக்கும் இடம் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கட்டணத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 1961ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு மொத்தம் 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய் என்றுதான் இருக்கிறது. அதற்கு மேல் பல பெயர்களில் பல மாநில பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்ததை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று நிறுத்தச் சொல்லிவிட்டது. முத்திரைத் தீர்வை தனி. எங்கள் காலத்தில் இதற்காக நகை அடகு வைத்தவர்கள் உண்டு.

பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை எல்லாச் சான்றிதழ்களிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். "எஸ். முருகன்" ஒன்றிலும் "முருகன் எஸ்" இன்னொன்றிலும் அப்பா பெயர் விரித்து மூன்றாவதிலும் இருந்தால், கடைசி வாரத்தில் அஃபிடவிட்டுக்கு அலைவீர்கள். உங்கள் மேல் கல்லூரி நாட்களில் ஏதாவது போராட்ட வழக்கு பதிவாகியிருந்தால் மறைக்காதீர்கள். வழக்கு இருப்பதை விட மறைத்தது தெரியவரும்போதுதான் சிக்கல் பெரிதாகும்.

பதிவு ஆனதும் ஏ.ஐ.பி.இ. என்கிற அகில இந்திய பார் தேர்வு. நூறு கேள்வி, நெகட்டிவ் மார்க் கிடையாது, குறிப்பு எழுதாத பேர் ஆக்ட் (சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள) புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம், தமிழிலும் எழுதலாம். பாஸ் மார்க் பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் 45, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. பதிவான இரண்டு வருடத்துக்குள் தேறிவிட வேண்டும். இதற்குக் கோச்சிங் கிளாஸுக்குப் பணம் கட்டாதீர்கள். பழைய வினாத்தாள் ஐந்தை எடுத்து, எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று வேகமாகப் புரட்டப் பழகினால் போதும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் அமலில் இருப்பதால் பழைய ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) புத்தகத்தை நம்பி உள்ளே போகாதீர்கள். அதற்காகப் பழைய எண்களை மறந்துவிடவும் முடியாது, 302, 420 என்று பேசிப் பழகிய கட்சிக்காரர் இன்னும் பத்து வருடத்துக்கு அப்படித்தான் பேசுவார்.

சீனியரைத் தேடுவது

வேலை தேடுவதில் கஷ்டமான பகுதி இதுதான், ஏனென்றால் விளம்பரமே கிடையாது. எந்த சீனியரும் "ஜூனியர் தேவை" என்று போர்டு மாட்டுவதில்லை. அதனால் எல்லோரும் கல்லூரி சீனியர் அண்ணனையோ, ஊர்க்காரரையோ, சில நேரம் சாதிக்காரரையோ பிடித்துப் போகிறார்கள். கேள்வியும் அப்படித்தான் வரும்: "எந்த ஊர் தம்பி? அங்கே யார் வீடு?" இதைச் சகித்துக்கொண்டு தாண்டலாம், ஆனால் அதை நம்பி மட்டும் போகத் தேவையில்லை.

நான் சொல்லும் வழி இது. முதல் இரண்டு வாரம் எவரிடமும் சேராதீர்கள். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் காலை பத்தரைக்குப் போய், சப் கோர்ட்டிலோ முன்சீப் கோர்ட்டிலோ பின்வரிசையில் உட்காருங்கள். யார் சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணும்போது நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனிக்கிறார்? யார் எப்போதும் "கவுண்டருக்கு (பதில் மனுவுக்கு) டைம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்? யாருடைய ஜூனியர் எழுந்து பேசுகிறார், யாருடைய ஜூனியர் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க மட்டும் செய்கிறார்? இரண்டு வாரத்தில் உங்களுக்கே ஐந்தாறு பெயர் கிடைக்கும். கோர்ட் குமாஸ்தாக்களிடம் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் மீதியும் தெரிந்துவிடும், ஒரு ஆபீஸில் ஜூனியர்கள் எத்தனை மாதம் தாங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் அத்துப்படி.

பிறகு அந்த ஐந்து பேருக்கு எழுதுங்கள். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கிங்" என்று ஆரம்பிக்கும் ரெஸ்யூமே அனுப்பினால் அது வாட்ஸ்அப்பிலேயே கிடக்கும். இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"வணக்கம் ஐயா. இந்த ஆண்டு திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் பி.எல். முடித்தேன். என்ரோல்மெண்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். போன வாரம் சப் கோர்ட்டில் உங்கள் குறுக்கு விசாரணையைப் பார்த்தேன். சிவில் பக்கம் வேலை பழக ஆசை. நானாக எழுதிப் பார்த்த ஒரு பாகப்பிரிவினைப் பிராதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், தவறுகள் இருக்கும். காலை ஒன்பதுக்கு ஆபீஸ் வந்து இரவு எட்டு வரை இருக்க முடியும். எந்த நாள் வந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள்."

இதில் வேலை செய்வது அந்தப் பிராதுதான், அதாவது வழக்கைத் தொடங்கும் மனு. தப்பாக எழுதியிருந்தாலும் பரவாயில்லை, முழுதாக எழுதியிருக்க வேண்டும்: தரப்பினர் விவரம், வழக்கெழு காரணம், மதிப்பீடு, கோர்ட் ஃபீஸ், பரிகாரம், சொத்து விவரம் நாலெல்லையோடு. நூறு ரெஸ்யூமே பார்த்த சீனியருக்கு, ஷெட்யூல் (அந்தச் சொத்து விவரம்) ஒழுங்காக எழுதத் தெரிந்த ஒரு ஆள் கிடைத்தால் அன்று சாயங்காலமே கூப்பிடுவார்.

ஆபீசுக்குப் போனால் பெரும்பாலும் ஒரு சின்னச் சோதனை நடக்கும், சோதனை என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் ஆபீஸில் பணமில்லாமல் திரும்பிய ஒரு செக்கையும், அதற்கு வங்கி கொடுத்த ரிட்டர்ன் மெமோவையும் கையில் கொடுத்து "நோட்டீஸ் ஒன்று போடுங்க" என்போம். முக்கால்வாசிப் பேர் உடனே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து "அண்டர் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் ஃப்ரம் மை கிளையண்ட்" என்று தட்ட ஆரம்பிப்பார்கள். நாங்கள் பார்ப்பது, அந்த ஆள் முதலில் தேதியைப் பார்க்கிறாரா என்பதை. செக்கின் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட்டிருக்கிறதா, மெமோ கைக்கு வந்தது எப்போது, அன்றிலிருந்து முப்பது நாள் என்றைக்கு முடிகிறது. மார்ச் 3ஆம் தேதி மெமோ வந்திருந்தால் ஏப்ரல் 2க்குள் நோட்டீஸ் போயாக வேண்டும். கட்சிக்காரர் ஏப்ரல் 1 சாயங்காலம் வந்து உட்கார்ந்திருப்பார், அதுதான் நிஜ வாழ்க்கை. "ஐயா, இதை நாளைக்கே போஸ்ட் பண்ணணும்" என்று தலையைத் தூக்கிச் சொல்கிற ஜூனியரின் ஆங்கிலம் எப்படி இருந்தாலும் நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

காசைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 குறைந்தபட்ச உதவித்தொகையாகக் கிடைக்க வழி செய்யச் சொன்னது. அதே வருடம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று பரிந்துரைத்தது. நடைமுறையில் அந்தத் தொகையைக் கொடுக்கும் ஆபீஸ்கள் என் கண்ணுக்குத் தெரிந்து குறைவு. ஐந்தாயிரம், எட்டாயிரம், அல்லது "வேலை கத்துக்கோ, அப்புறம் பார்ப்போம்". முதல் சந்திப்பிலேயே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்: "ஐயா, மாதம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ரூம் எடுக்க வேண்டியிருக்கு, அதனால கேட்கிறேன்." நான் சேர்ந்த முதல் ஆபீஸில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எட்டு மாதம் நகல் மனு போட்டு, ஜெராக்ஸ் எடுத்து, சொந்தக் காசில் பஸ் ஏறினேன். கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், ஆனால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அந்த எட்டு மாதத்தில் ஒன்றும் கற்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கோர்ட்டில் ரிட்டர்ன் ஆன பேப்பரை வாங்கி, ஏன் திருப்பினார்கள் என்று பார்த்துச் சரி செய்து மறுபடி போடுவது ஒரு தனிப் படிப்பு. ஒரு நாள் என்னை நம்பி ஒரு கேஸைக் கவனிக்கச் சொன்னார்கள். நான் பாஸ்ஓவர் (சற்று நேரம் கழித்து எடுக்கச் சொல்வது) கேட்டுவிட்டு எதிர் கோர்ட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது வழக்கு ஆஜரின்மையால் தள்ளுபடி. கை கால் நடுங்க ஆபீஸ் வந்தேன். சீனியர் திட்டுவார் என்று பார்த்தால், "மனு டைப் பண்ணு, அஃபிடவிட்ல காரணத்தை உள்ளபடி எழுது" என்றதோடு முடித்துக்கொண்டார். முப்பது நாளுக்குள் மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போடலாம் என்பதை நான் அன்றைக்குத்தான் நிஜமாகப் படித்தேன்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆபீஸ் எத்தனை மணி வரை, இரவு கட்சிக்காரர் சந்திப்பு உண்டா, ஏற்கெனவே பெண் ஜூனியர் இருக்கிறாரா, கழிப்பறை இருக்கிறதா என்பதை எல்லாம் நேராகக் கேளுங்கள். முன்பு அங்கே இருந்து விலகிய பெண் ஜூனியர் ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேசினால் இன்னும் நல்லது. குடும்ப நல நீதிமன்ற வேலையை மட்டும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பிடித்தால் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் "எனக்கு ஒரிஜினல் சூட்டும் (சிவில் அசல் வழக்கும்) வேணும் சார்" என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதம் ஆகியும் உங்களை ஒரு ஐ.ஏ. (வழக்குக்குள் போடும் இடை மனு) கூட எழுதவிடவில்லை, கோர்ட்டில் வாயைத் திறக்கவிடவில்லை என்றால் ஆபீஸ் மாறுங்கள். சண்டை போடாமல், கட்டை எல்லாம் ஒப்படைத்துவிட்டு, சொல்லிவிட்டு மாறுங்கள். பார் சின்னது, நாளை அவரே எதிர்த்தரப்பில் நிற்பார்.

ஜட்ஜ் எக்ஸாம்

சிவில் நீதிபதி தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. 2023 அறிவிக்கையில் 245 இடங்கள் வந்தன, ஒவ்வொரு வருடமும் அப்படி வராது. ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 77,840 ரூபாய், அதனால்தான் இத்தனை கூட்டம். முதல்நிலைத் தேர்வு தாண்டினால் முதன்மைத் தேர்வில் நாலு தாள், ஒவ்வொன்றும் நூறு மார்க்: ஒரு மொழிபெயர்ப்புத் தாள், மூன்று சட்டத் தாள். அப்புறம் 60 மார்க் நேர்காணல்.

தமிழ் வழியில் படித்தவர்கள் அந்த மொழிபெயர்ப்புத் தாளை அலட்சியமாக விடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சாட்சி வாக்குமூலம், ஆவணம், தீர்ப்பின் பகுதி ஆகியவற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்ற வேண்டும். சென்னையில் ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளை "கிரையப் பத்திரத்தின் மறுபயன்" என்ற இடத்தில் திக்கி நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். கீழமை நீதிமன்றங்களில் தமிழிலேயே சாட்சியமும் தீர்ப்பும் இருப்பதால், சீனியர் ஆபீஸில் தினமும் ஒரு பழைய பத்திரத்தையோ தீர்ப்பையோ எடுத்து ஒரு பக்கம் மாற்றி எழுதிப் பாருங்கள். இதற்கு எந்தக் கோச்சிங்கும் வேண்டாம்.

மூன்று வருட அனுபவத்துக்குச் சான்று எப்படி வாங்குவது என்பதையும் அந்த 2025 தீர்ப்பே சொல்கிறது: நீங்கள் ஆஜராகும் நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் கொடுத்ததோ, அல்லது பத்து வருடத்துக்குக் குறையாத அனுபவமுள்ள வக்கீல் ஒருவர் கொடுத்து அந்த அலுவலர் மேலொப்பமிட்டதோ. நீதிபதிகளிடம் லா கிளார்க்காக (சட்ட உதவியாளராக) இருந்த காலமும் கணக்கில் சேரும். எனவே உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் அவ்வப்போது வரும் லா கிளார்க் அறிவிப்புகளை விடாதீர்கள், கையில் மாதச் சம்பளம், கூடவே அனுபவமும் ஓடும். அறிவிக்கை வரும்போது தகுதிப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள், யூடியூபில் யாரோ சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மற்ற அரசு வழிகள்

இவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு உதவி வழக்கறிஞர் நிலை இரண்டுக்கு டி.என்.பி.எஸ்.சி.தான் ஆள் எடுக்கிறது, குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து வருடப் பிராக்டிஸ் கேட்பார்கள், ஆகவே கிரிமினல் பக்கம் இருப்பவர்கள் ஆஜரான விவரங்களை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். இந்து சமய அறநிலையத் துறை உதவி ஆணையர் பதவிக்கு குரூப் 1பி தேர்வில் சட்டப் பட்டம் வேண்டும். பொதுத்துறை வங்கிகளின் லா ஆபீசர் பதவிக்கு ஐ.பி.பி.எஸ். ஸ்பெஷலிஸ்ட் ஆபீசர் தேர்வு: வயது 20 முதல் 30, வக்கீலாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ராணுவத்தின் ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் பிரிவுக்கு 21 முதல் 27 வயது, பட்டத்தில் 55 சதவீதம், கிளாட் (தேசிய சட்டப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு) முதுநிலைத் தேர்வு மதிப்பெண். பயிற்சி நம் பரங்கிமலையில் இருக்கும் ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில்தான், ஆனாலும் நம் பிள்ளைகள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வயதைக் கடத்திவிடுகிறார்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் லீகல் எய்ட் டிஃபென்ஸ் கவுன்சல் திட்டம். அதில் உதவி கவுன்சலாகச் சேர மூன்று வருடம் வரை கிரிமினல் அனுபவம் உள்ள புதியவர்களையே எடுக்கிறார்கள். முழுநேர ஒப்பந்த வேலை, தனியாகக் கேஸ் எடுக்க முடியாது. ஆனால் குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக ஜாமீன் மனு, விசாரணை, வாதம் என்று நாள் முழுக்க நிஜ வேலை. சீனியர் பின்னால் கட்டைத் தூக்கிய இரண்டு வருடத்தில் வராத தைரியம் ஆறு மாதத்தில் வந்துவிடும்.

கம்பெனி வேலை, அதில் இருக்கும் ஏமாற்று

வேலைத் தளங்களில் "லீகல் எக்ஸிகியூட்டிவ்" என்று தேடினால் சென்னை, கோவையில் நிறைய வரும். அந்தப் பெயருக்குள் குறைந்தது மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, கடன் வசூல்: ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தவணை கட்டாதவர்களுக்குப் போன் போட்டு, "லீகல்ல இருந்து பேசறோம்" என்று மிரட்டுவது. இரண்டாவது, ரியல் எஸ்டேட் கம்பெனியில் பத்திர ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைவது. இது மோசமில்லை, பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் அத்துப்படி ஆகிவிடும். மூன்றாவதுதான் நீங்கள் நினைக்கும் வேலை, ஒப்பந்தம் படிப்பது, எழுதுவது, திருத்துவது. நேர்காணலில் இரண்டு கேள்வி கேட்டால் விஷயம் தெரிந்துவிடும்: "நோட்டீஸ் யார் டிராஃப்ட் பண்ணுவாங்க?", "எனக்கு டார்கெட் இருக்கா?" டார்கெட் என்று ஒன்று இருந்தால் அது வசூல் வேலை. சேர்வதற்கு டெபாசிட் கேட்டாலோ, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்பந்த வேலை பிடித்தால், கம்பெனி செகரட்டரி படிப்பையும் சேர்த்துப் பாருங்கள், நேரமெடுக்கும் ஆனால் சம்பளம் வித்தியாசப்படும். பி.இ. அல்லது பி.எஸ்சி. முடித்து மூன்று வருட பி.எல். படித்தவர்கள் பேட்டண்ட் ஏஜெண்ட் (காப்புரிமை முகவர்) தேர்வைக் கட்டாயம் யோசியுங்கள். அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் இல்லாத வக்கீலால் அதை எழுத முடியாது, ஆகவே போட்டியும் குறைவு, பேட்டண்ட் ஆபீஸும் கிண்டியிலேயே இருக்கிறது. எல்.எல்.எம். என்பது ஆசிரியர் வேலைக்கான வழி, நெட் தேர்வோடு சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு. "வேலை கிடைக்கலை, எல்.எல்.எம். போடறேன்" என்று போட்டவர்கள் இரண்டு வருடம் கழித்து அதே கேள்வியோடு எனக்குப் போன் பண்ணுகிறார்கள்.

முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்கு எழுதி உங்கள் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும். இந்திய பார் கவுன்சில் விதி 49 சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே பிராக்டிஸ் பண்ண விடாது. "யாருக்குத் தெரியப்போகுது" என்று இரண்டையும் வைத்திருப்பவர்கள் உண்டு, நாளை ஜட்ஜ் தேர்வில் மூன்று வருடச் சான்று கேட்கும்போது பி.எஃப். கணக்கு காட்டிக் கொடுக்கும். கல்லூரியில் தினம் மூன்று மணி நேரம் வரை சட்டம் சொல்லிக்கொடுக்க மட்டும் அனுமதி உண்டு.

சில்லறை வருமானம்

பிராக்டிஸில் முதல் மூன்று வருடம் உங்களைக் காப்பாற்றுவது பெரிய கேஸ் கிடையாது. வீட்டுக் கடனுக்கான லீகல் ஒப்பீனியன்தான். வங்கியின் பேனலில் (அது வேலை கொடுக்கும் வக்கீல்கள் பட்டியலில்) நீங்கள் உடனே சேர முடியாது, ஆனால் பேனலில் இருக்கும் சீனியருக்கு ஒப்பீனியன் எழுதிக் கொடுக்க ஆள் எப்போதும் தேவை. தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றுவரை கைமாறிய வரிசை, முப்பது வருட வில்லங்கம், பட்டாவில் இருக்கும் பெயரும் பத்திரத்தில் இருக்கும் பெயரும், நடுவில் ஒரு சாவு வந்திருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்து போட்டார்களா, குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விடுபட்டிருக்கிறார்களா. இந்தக் கடைசி ஒன்றில் சறுக்காதவருக்கு வேலை வந்துகொண்டே இருக்கும். கூடவே மோட்டார் விபத்து வழக்கு, இ-ஃபைலிங் உதவி, நோட்டீஸ் தயாரிப்பு, சட்டப் பத்திரிகைகளுக்குத் தீர்ப்புச் சுருக்கம் எழுதுவது என்று இருக்கிறது. வயதான சீனியர்கள் பலருக்கு இ-ஃபைலிங் என்றாலே அலர்ஜி, அந்த இடத்தில் உங்கள் லேப்டாப்பைத் திறந்து வையுங்கள்.

இன்ஸ்டாகிராமில் "விவாகரத்துக்கு அணுகவும்" என்று ரீல் போடாதீர்கள். விதி 36 வக்கீல் விளம்பரத்தைத் தடுக்கிறது, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஆன்லைன் தளங்கள் வழியாக வக்கீல் வேலை பிடிப்பதைக் கடுமையாகப் பேசியது. சட்டம் விளக்கி எழுதலாம், பேசலாம், போன் நம்பரைப் போட்டுக் கூப்பிடக் கூடாது.

டைரி

பிராக்டிஸ் வழியில் போகிறவர்கள், கவுன் தைக்கக் கொடுக்கும் அன்றே ஒரு வக்கீல் டைரியும் வாங்கிவிடுங்கள். சீனியரின் டைரி அவருடையது, இது உங்களுடையது. நீங்கள் எழுந்து நின்ற, வக்காலத்தில் பெயர் போட்ட ஒவ்வொரு நாளும் ஒரு வரி: தேதி, கோர்ட், வழக்கு எண், எந்தத் தரப்பு, என்ன நடந்தது, அடுத்த வாய்தா. வக்காலத்தில் உங்கள் பெயரையும் பதிவு எண்ணையும் சீனியர் பெயருக்குக் கீழே போடச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், கேட்காவிட்டால் போடவும் மாட்டார்கள். மூன்று வருடம் கழித்துச் சான்றுக்காக நீதிபதி அறைக்கு வெளியே நிற்கும்போது, "எந்தெந்த வழக்கில் ஆஜரானீங்க?" என்று கேட்பார்கள். என் முதல் டைரியின் முதல் வரி இப்போதும் இருக்கிறது: முன்சீப் கோர்ட், பிரதிவாதிக்கு, கவுண்டர் தாக்கல், அடுத்த வாய்தா. தேதி போட மறந்துவிட்டேன்.